சீலோவாம் கோபுரமும் நம்முடைய நாவும்

தியானப் பகுதி: லூக்கா 13:1-9



நம்முடைய சபைகளில் நெடுங்காலமாக வேரூன்றிப்போன ஒரு வழக்கத்தைக் குறித்து இவ்வாரம் உங்களோடு வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். ஒரு குடும்பத்தில் இளவயது மரணம் நிகழ்கிறது. ஒரு சகோதரிக்குப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. திருமணமாகிப் பல ஆண்டுகள் சென்றும் ஒரு தம்பதியருக்குப் பிள்ளை இல்லை. அவ்வீட்டிற்கு ஜெபிக்கச் செல்லுகிற நாம், ஜெபம் முடிந்து வாசற்படியைத் தாண்டுமுன்னே தாழ்ந்த குரலில் தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுகிறோம். ‘ஏதோ அறிக்கை செய்யாத பாவம் இருந்திருக்கும்’, ‘தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தார்களோ இல்லையோ’, ‘முன்னோர் செய்ததற்குப் பிள்ளைகள் சுமக்கிறார்கள்’ என்றெல்லாம் சொல்லிக்கொள்ளுகிறோம். இவற்றைச் சொல்லுகிறவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் வேதத்தை நேசிக்கிறவர்கள், உபவாசிக்கிறவர்கள், தேவனுடைய பரிசுத்தத்திற்காக வைராக்கியம் கொண்டவர்கள். ஆகையினாலேயே இதைக் கண்டிக்கவேண்டியது அவசியமாகிறது. தேவபக்தியின் உடையில் வருகிறபடியால், இப்பாவம் பாவமென்று நமக்குத் தெரிவதேயில்லை.

நியாயத்தீர்ப்பு உண்டு என்பதை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. தேவன் ஒரு நாளைக் குறித்திருக்கிறார் என்றும், தாம் நியமித்த மனுஷனைக்கொண்டு உலகத்தை நீதியாய் நியாயந்தீர்ப்பார் என்றும் பவுல் அத்தேனே பட்டணத்தில் அறிவித்ததை (அப்போஸ்தலர் 17) நான் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன். நான் கேட்பது வேறு. அந்த நியாயாசனத்தில் உங்களையும் என்னையும் உட்காரவைத்தது யார்?

இரண்டு செய்திகள், ஒரே பதில்

இயேசுவிடத்தில் சிலர் ஒரு செய்தியைக் கொண்டுவருகிறார்கள். ஆலயத்தில் பலியிட வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான். அவர்களுடைய இரத்தம் அவர்களுடைய பலிகளின் இரத்தத்தோடு கலந்தது. செய்தியைக் கொண்டுவந்தவர்கள் வாய்விட்டு ஒன்றும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. ஆனால் அவர்கள் உள்ளத்தில் இருந்த கேள்வியை ஆண்டவர் எடுத்து அவர்கள் முன்பாகவே வைக்கிறார்: இப்படிப் பாடுபட்டதனால், அவர்கள் மற்றக் கலிலேயர் எல்லாரையும்விடப் பெரிய பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ? இல்லை என்று அவரே அதற்குப் பதிலும் கொடுக்கிறார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. அவர்கள் கேட்காத இரண்டாவது செய்தியொன்றையும் தாமாகவே சொல்லுகிறார். சீலோவாமிலே ஒரு கோபுரம் இடிந்து விழுந்தது. 18 பேர் மாண்டார்கள். முதலாவது நிகழ்ச்சி மனுஷனுடைய கொடுமை. இரண்டாவதில் எந்த மனுஷனுடைய கையையும் காட்ட முடியாது. விபத்து என்றே சொல்லவேண்டும். மனிதக் கொடுமையால் வந்த சாவுக்கு ஒரு விதி, விபத்தினால் வந்த சாவுக்கு வேறொரு விதி என்று நாம் தப்பித்துக்கொள்ளாதபடிக்கு, இரண்டிற்கும் ஒரே பதிலைக் கொடுக்கிறார். மாண்டவர்களின் பாவக் கணக்கை அவர் திறந்து காட்டவில்லை. உயிரோடு நின்றவர்களையே நோக்கி, மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அழிந்துபோவீர்கள் என்று எச்சரிக்கிறார்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் போன்றவற்றை நம்முடைய தலைமுறையே கண்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, இலங்கையில் ஆராதனைக்குக் கூடியிருந்தவர்கள்மேல் குண்டுகள் வெடித்தன. அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்டவர்களுள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். தொழுகையின் இடத்தில் இரத்தம் கலந்த அந்தக் கலிலேயரின் கதையே மீண்டும் நிகழ்ந்தது. ஞாயிறு பள்ளிப் பாடத்தை முடித்து வெளியே வந்த அந்தப் பிள்ளைகள், அன்று உயிரோடு வீடு திரும்பிய நம் பிள்ளைகளைக்காட்டிலும் பெரிய பாவிகள் என்று உங்களில் யாராவது சொல்லத் துணிவீர்களா?

அதற்கு முன்பு, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மறுநாள். சுமத்திரா தீவின் அருகே கடலடியில் பூமி அதிர்ந்து, எழும்பிய அலைகள் ஏறத்தாழ 2,30,000 பேரை வாரிக்கொண்டு போயின. தமிழ்நாட்டில் மாத்திரம் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்திலேயே இழப்பு மிகுதி. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருயாத்திரிகர்களையும், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவ மக்களையும் ஒரே தண்ணீர் கொண்டுபோயிற்று. பிணங்களை அடக்கம்பண்ணி முடியுமுன்னே தீர்ப்புகள் புறப்பட்டன. விக்கிரகங்களின்மேல் வந்த கோபம் என்றார்கள் சிலர். கடற்கரைக் கேளிக்கைகளின்மேல் வந்த கோபம் என்றார்கள் சிலர். பிற சமயத்தாரில் சிலரும் தங்கள் தங்கள் காரணங்களைச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவராவது, ‘இது என்னுடைய பாவத்தினால் வந்தது’ என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

லிஸ்பன் நகரம் கற்பிக்கும் பாடம்

இந்த வழக்கம் நம்முடைய நாட்டில் பிறந்ததும் அல்ல, நம்முடைய காலத்தில் பிறந்ததும் அல்ல. 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலையில், போர்த்துகலின் தலைநகராகிய லிஸ்பன் பூமியதிர்ச்சியால் குலுங்கியது. மக்கள் திருப்பலிக்காக ஆலயங்களில் கூடியிருந்த வேளை அது. கூரைகள் அவர்கள்மேல் விழுந்தன. கரைக்கு ஓடினவர்களைக் கடல் அலை விழுங்கிற்று. எஞ்சியவற்றைப் பல நாட்கள் எரிந்த நெருப்பு தின்றது.

மறு ஆண்டில் இயேசு சபைத் துறவியாகிய காபிரியேல் மலக்ரீதா ஒரு சிறு நூலை வெளியிட்டார். பூமியதிர்ச்சிக்கு இயற்கைக் காரணங்களைத் தேடுகிறவர்களைக் கடிந்துகொண்டு, நகரத்தாரின் பாவங்களே காரணம் என்று அதில் வாதிட்டார். அதே வேளையில் புராட்டஸ்டண்டு நாடுகளின் பிரசங்கிமார் பலர், அதே பூமியதிர்ச்சியைச் சுட்டிக்காட்டி, விசுவாச விசாரணை மன்றத்தின் கொடுமைகளுக்கும் உருவ வழிபாட்டுக்கும் தேவன் கொடுத்த பதில் இது என்றார்கள். இடிபாடு ஒன்றே. ஆனால் ஒவ்வொருவரும் தாம் ஏற்கெனவே வெறுத்த பாவத்தையே அதற்குள் கண்டெடுத்தார்கள். அந்த மலக்ரீதாவையே 1761ஆம் ஆண்டில் அதே விசாரணை மன்றம் மரணத்துக்குத் தீர்த்தது. பிறருடைய சாவைத் தேவகோபத்தின் கடிதமாக வாசித்துக் காட்டியவருடைய சாவை வேறொருவர் அப்படியே வாசித்துக்காட்டுவதற்கு வெகுகாலம் செல்லவில்லை.

அன்பானவர்களே, பூமியதிர்ச்சி நம்முடைய எதிரியின் ஊரில் வந்தால் நியாயத்தீர்ப்பு. நம்முடைய ஊரில் வந்தால் சோதனை. பிறனுடைய நோய் சாபம். நம்முடைய நோய் நம்மைப் புடமிடும் அக்கினி. இப்படிப்பட்ட அளவுகோலை வைத்துக்கொண்டு தேவனுடைய நீதியைப் பேசுகிறோம் என்று சொல்லலாகுமா?

வேதத்தில் இப்படிப் பேசினவர்கள்

யோபுவின் சிநேகிதர் மூவரையும் நினைத்துப்பாருங்கள். எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நற்கிரியை அதுவே. வாய் திறந்தபின் அவர்கள் பேசினதில் பெரும்பகுதி, தனித்தனியே எடுத்துப் பார்த்தால், பிழையான உபதேசமாகத் தோன்றாது: தேவன் நீதியுள்ளவர், பாவம் தண்டனையைக் கொண்டுவரும், மனந்திரும்பினவன் வாழ்வான். ஆயினும் கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் மூண்டது யோபுவின்மேல் அல்ல, அவர்கள்மேல். தம்மைக் குறித்து அவர்கள் சரியானதைப் பேசவில்லை என்கிறார். தேவனுக்காக வழக்காடுகிறோம் என்று எண்ணினவர்களுக்கு, அவர்கள் குற்றஞ்சாட்டின மனுஷனே பரிந்து ஜெபிக்கவேண்டியதாயிற்று.

மெலித்தா தீவின் மக்கள் பவுலின் கையில் விரியன் பாம்பு கவ்வித் தொங்குவதைக் கண்டவுடன், இவன் கொலைபாதகன், கடலுக்குத் தப்பினாலும் பழி இவனை விடவில்லை என்று முடிவுசெய்தார்கள். சற்றுநேரம் சென்று அவன் சாகாததைக் கண்டபோது, இவன் தேவன் என்றார்கள் (அப்போஸ்தலர் 28). சுவிசேஷத்தை இன்னும் கேள்விப்படாதவர்களின் இறையியல் இது. சுவிசேஷத்தைக் கேட்டு வளர்ந்த நாமும் அதே இறையியலோடு வாழுவது எப்படித் தகும்? துன்பத்தைக் கண்டால் பாவி என்பதும், செழிப்பைக் கண்டால் ஆசீர்வதிக்கப்பட்டவன் என்பதும் மெலித்தா தீவின் மதமேயன்றி கிறிஸ்துவின் மார்க்கம் அல்ல.

நம்முடைய சாட்சிகளிலும் இது ஒளிந்திருக்கிறது. ‘பேருந்து கவிழ்ந்தது, என்னைச் சுற்றிலும் இருந்தவர்கள் மாண்டார்கள், நான் ஜெபித்ததால் கர்த்தர் என்னைக் காத்தார்’ என்று ஒருவர் எழுந்து சொல்லுகிறார். நன்றி சொல்லவேண்டியதுதான், அதைத் தடுக்கமாட்டேன். ஆனால் அதே பேருந்தில் மகனை இழந்த தாய் பின்வரிசையில் உட்கார்ந்து அந்தச் சாட்சியைக் கேட்டால், அவள் எதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள்? அவளுடைய மகனும் ஜெபித்திருக்கக்கூடும் அல்லவா?

அப்படியானால் தேவன் தண்டிப்பதில்லையா?

வேதத்தை அறிந்த நீங்கள் இவ்விடத்தில் நியாயமாகவே என்னைத் தடுப்பீர்கள். சோதோம் அழிக்கப்படவில்லையா? அனனியாவும் சப்பீராளும் விழுந்து சாகவில்லையா? கொரிந்து சபையில் பலர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாய் இருந்ததற்குக் காரணம், அவர்கள் கர்த்தருடைய பந்தியை அவமதித்ததே என்று பவுல் எழுதவில்லையா? எழுதியிருக்கிறார். தேவன் சரித்திரத்தில் நியாயந்தீர்க்கிறார் என்பதை மறுக்கிறவன் வேதத்தின் பல பக்கங்களைக் கிழித்தெறியவேண்டும்.

ஆனால் அந்தப் பக்கங்களை நிதானமாய் வாசியுங்கள். சோதோமைக் குறித்துக் கர்த்தர் ஆபிரகாமிடத்தில் தாமே வெளிப்படுத்தினார். அவன் யூகித்து அறிந்ததல்ல. அறிந்தபின் ஆபிரகாம் செய்தது என்ன? ஐம்பதிலிருந்து பத்துவரை எண்ணிக்கையைக் குறைத்துக் குறைத்து அந்த நகரத்துக்காகக் கெஞ்சினான். சோதோமின் அக்கிரமம் இன்னதென்று எசேக்கியேல் 16ஆம் அதிகாரம் சொல்லும்போது, கர்வத்தையும் ஆகாரத் திரட்சியையும் கவலையற்ற சுகவாழ்வையும் சொல்லி, ஏழைக்குக் கைகொடுக்காமற்போனதையும் சேர்த்துச் சொல்லுகிறது. சோதோமை மேடையில் அடிக்கடி குறிப்பிடுகிற நாம் அந்தப் பட்டியலை எத்தனை முறை வாசித்திருக்கிறோம்?

அனனியாவும் சப்பீராளும் புறம்பே இருந்தவர்கள் அல்லர். சபையின் அங்கத்தினர், காணிக்கை கொண்டுவந்தவர்கள். கொரிந்தியருக்கு அப்போஸ்தலன் எழுதினது, ஒவ்வொருவனும் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும்படிக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனைச் சோதிக்கும்படிக்கு அல்ல. பெதஸ்தா குளத்தருகே சுகமான மனுஷனிடத்தில் இனிப் பாவஞ்செய்யாதே என்று இயேசு எச்சரித்தது உண்மை. அவனை முதலில் சுகமாக்கினார். பிற்பாடு தேவாலயத்தில் அவனைக் கண்டு, அவனிடத்திலேயே சொன்னார். அவன் படுத்திருந்தபோது அவனைச் சுற்றி நின்றவர்களிடத்தில் சொல்லவில்லை. பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதோ, அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்று அந்தக் கேள்வியையே அறுத்துப்போட்டார்.

ஆகவே வேதத்தின் முறை இது: தேவன் தண்டனையை வெளிப்படுத்தினால், உயிரோடிருக்கிறவர்களை மனந்திருப்பும்படி தீர்க்கதரிசியை அனுப்புகிறார். நடந்து முடிந்த துன்பத்துக்கு விளக்கவுரை எழுதும்படி அவர் நம்மில் ஒருவருக்கும் கட்டளை கொடுக்கவில்லை.

நியாயத்தீர்ப்பு எங்கே தொடங்குகிறது

ஆமோஸ் தீர்க்கதரிசியின் முதல் இரண்டு அதிகாரங்களை இவ்வாரம் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தமஸ்குவின் பாதகங்களைச் சொல்லுகிறான், இஸ்ரவேலர் மகிழ்ந்திருப்பார்கள். காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றிலுமுள்ள சத்துருக்கள் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அழைக்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஆமென் என்றிருப்பார்கள். பின்பு யூதா. கடைசியாக இஸ்ரவேல்: நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றுப்போட்ட இஸ்ரவேல். அதுவரை தூரத்தில் கர்ச்சித்த சிங்கம் ஆராதனைக் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றது. பேதுருவும் இதையே எழுதுகிறார்: நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலிருந்தே ஆரம்பமாகிறது.

இதைக் கேட்டு, நியாயத்தீர்ப்பைப் பற்றிய பேச்சே வேண்டாம், தேவன் அன்பானவர் என்று மாத்திரம் சொல்லுவோம் என்கிறவர்களும் நம்மில் உண்டு. அவர்களும் மற்றவர்களும் நேரெதிர் அணிகள் என்று எண்ணாதீர்கள். ஒருவன் நியாயத்தீர்ப்பை அயலானுடைய வாசலில் இறக்கிவைக்கிறான். மற்றவன் அதை வேதத்திலிருந்தே அழித்துவிடுகிறான். என்னைத் தொடாதிருக்கட்டும் என்பதே இருவருடைய விருப்பமும். ஏழையின் கூலியைப் பிடித்துவைத்தவனையும், சிறுபிள்ளையைக் கெடுத்தவனையும் ஒருநாளும் கணக்குக் கேட்காத தேவன் அன்பானவரும் அல்லர். ஒடுக்கப்பட்டவனுக்கு நியாயத்தீர்ப்பு என்பது நம்பிக்கையின் சொல்.

சிலுவையை வாசித்த விதம்

இந்தத் தவறான வாசிப்பு எங்கே முற்றிப் பழுத்தது தெரியுமா? கொல்கொதாவிலே. வழியே போனவர்களும் பிரதான ஆசாரியரும் சிலுவையில் தொங்கினவரைப் பார்த்து, தேவன் இவனை விரும்பினால் விடுவிப்பாரே என்று பரிகாசம் செய்தார்கள். துன்பத்தைக் கண்டார்கள், ஆகவே தேவன் இவனைக் கைவிட்டார் என்று தீர்த்தார்கள். நூற்றாண்டுகளுக்கு முன்னே ஏசாயா 53ஆம் அதிகாரம் அதைச் சொல்லியிருந்தது: அவர் நம்முடைய துக்கங்களைச் சுமந்தார்; நாமோ அவர் தேவனால் அடிபட்டவரென்று எண்ணினோம். உலகத்தில் ஒரே ஒருவருடைய பாடுதான் முழுமையாகப் பாவத்தின் தண்டனையாக இருந்தது. அந்தப் பாவமோ அவருடையது அல்ல, பார்த்துக்கொண்டு நின்றவர்களுடையது, உங்களுடையது, என்னுடையது.

இதுவே இரட்சிப்பு. நியாயாதிபதி தாமே குற்றவாளியின் இடத்தில் நின்றார். அவரை விசுவாசிக்கிறவன் ஆக்கினைக்கு உட்படாமல் மரணத்தை விட்டு ஜீவனுக்குள் கடந்துபோயிருக்கிறான் என்று யோவான் 5ஆம் அதிகாரம் நிச்சயமாய்ச் சொல்லுகிறது. இப்படித் தப்புவிக்கப்பட்டவன், வேறொருவன்மேல் கோபுரம் விழும்போது அதன் கற்களை எண்ணிக்கொண்டு நிற்கமாட்டான். நிற்பானாகில், தான் எதிலிருந்து தப்புவிக்கப்பட்டான் என்பதை அவன் இன்னும் அறியவில்லை.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் கடைசி நாளின் விசாரணை எதைப்பற்றியது என்று பாருங்கள். பசித்தவன், தாகமுள்ளவன், அந்நியன், வஸ்திரமில்லாதவன், வியாதியஸ்தன், காவலிலிருக்கிறவன். நாம் ‘என்ன பாவமோ’ என்று கிசுகிசுத்த மனுஷருடைய பட்டியல் அல்லவா இது? அந்த வியாதிப் படுக்கையில், நாம் தீர்ப்பெழுதிவிட்டு வந்த அதே படுக்கையில், நியாயாதிபதி தாமே இருந்தார் என்று அந்நாளில் அறியவருவோமானால், எந்த முகத்தோடு அவருக்கு முன்பாக நிற்போம்?

கோபுரத்தைப் பற்றிப் பேசின அதே மூச்சில் ஆண்டவர் ஓர் அத்திமரத்தின் உவமையைச் சொன்னார். மூன்று வருஷம் கனியில்லை. வெட்டிப்போடு என்றான் எஜமான். தோட்டக்காரனோ, இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்றான். கோபுரம் நம்மேல் விழாததற்குக் காரணம் நம்முடைய நீதி அல்ல. நமக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுக்கப்பட்டிருக்கிறது; அவ்வளவே. அந்த வருஷத்தைப் பக்கத்து மரத்தின் இலைகளை எண்ணுவதில் செலவழிக்கலாமா?

ஆகவே பிரியமானவர்களே, இவ்வாரம் துக்கவீட்டுக்குப் போவீர்களானால், யோபுவின் சிநேகிதர் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்யுங்கள்; எட்டாம் நாள் செய்ததைச் செய்யாதிருங்கள். உட்காருங்கள். அழுகிறவர்களோடே அழுங்கள். அடுப்பு எரியாத வீடானால் சாப்பாடு கொண்டுபோங்கள். மருத்துவமனையில் ஓர் இரவு துணைக்கு இருங்கள். காரணம் கேட்டால், தெரியாது என்று சொல்லப் பயப்படாதிருங்கள். வீடு திரும்பியபின் உங்கள் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, உங்களுடைய அத்திமரத்தைக் குறித்து ஆண்டவரோடு பேசுங்கள்.

ஜெபம்: சகல ஜனத்துக்கும் நியாயாதிபதியாகிய ஆண்டவரே, எங்கள் அயலானுடைய கண்ணீரை அவனுடைய குற்றத்துக்குச் சாட்சியாக்கின எங்கள் நாவை மன்னியும். நீர் எங்களுக்குத் தந்திருக்கிற இந்த வருஷத்தில் எங்களைக் கொத்தி எருப்போடும். மனந்திரும்புதலுக்கேற்ற கனிகளை நாங்கள் கொடுக்கவும், வேதனைப்படுகிறவர்களில் உம்மைக் கண்டு பணிவிடை செய்யவும் கிருபை தாரும். எங்களுக்காக நியாயந்தீர்க்கப்பட்ட இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.